சொன்ன சொல் போய்ச் சேர்ந்ததா?

கங்கைகொண்ட சோழபுரம் செல்வோர் பெரிய கோயிலைக் கண்டு வியந்து திரும்புவர். அக்கோயிலுக்குத் தென்மேற்கே சிறிது தொலைவில் மாளிகைமேடு என்னும் ஓரிடம் இருப்பதை அறிந்து அங்குச் செல்வோர் சிலரே. ஒரு காலத்தில் சோழப் பேரரசரின் மாளிகை நின்ற இடம் அது. 1980ஆம் ஆண்டிலும், பின்னர் 2021 முதலும் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்து பார்த்தனர். செங்கற் சுவர்களின் அடிப்பகுதிகளும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், பானை ஓடுகளும் வெளிப்பட்டன. முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் அமைத்து, அவனுக்குப் பின்னும் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழரின் தலைநகராய் விளங்கிய நகரில், அரசன் வீற்றிருந்த மாளிகை இன்று மேடாகக் கிடக்கிறது. பெரிய கோயிலின் மதிற்கற்களும் தப்பவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் அம்மன்னர்கள் சொன்ன சொற்கள் போய்விடவில்லை. எந்த ஊரைக் கோயிலுக்கு விட்டார்கள், எவ்வளவு நெல் வரவேண்டும், யார் யார் அதற்குச் சாட்சி என்பவற்றையெல்லாம் கல்லிலும் செம்பிலும் இன்றும் படிக்கலாம். மாளிகை அழிந்தும் சொல் பிழைத்தது எவ்வாறு? அரசனின் வாயிலிருந்து புறப்பட்ட ஒரு சொல், கடைக்கோடிச் சிற்றூரில் நிலத்தை உழுபவனின் செவியை அடையும்வரை, அதை வழியில் தொலைந்துபோக விடாமல் காத்த ஓர் ஒழுங்குமுறை இருந்தது. அவ்வொழுங்குமுறையைப் பற்றி நாம் இன்று சிந்திக்க வேண்டியதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முந்திரிக்காட்டுக்கு அப்பால் ஒரு வீடு

பல ஆண்டுகளுக்கு முன், ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்கும் சிறு சங்கம் ஒன்றில் நான் செயலராக இருந்தேன். ஆண்டுதோறும் மாத இறுதிவரை விண்ணப்பங்களை வாங்குவது எங்கள் வழக்கம். அவ்வாண்டு உதவித்தொகை அளிப்பவர் பட்டியலை முன்னதாகக் கேட்டுவிட்டார். ஆகவே விண்ணப்பங்கள் 15ஆம் தேதிக்குள் வந்து சேரவேண்டும் என்று ஒரு ஞாயிறு மாலையில் ஏழு பேர் கூடி முடிவு செய்தோம். அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதினேன், தலைவர் ஒப்பமிட்டார், தேநீர் அருந்திவிட்டுக் கலைந்தோம்.

குடும்பங்களுக்கு யார் சொல்வது? தலைவர், செயலர் சொல்லிவிடுவார் என்று நினைத்தார். நான், அந்தந்த ஊர்ப் பொறுப்பாளர் சொல்லிவிடுவார் என்று எண்ணினேன். பொறுப்பாளரோ, அறிவிப்பு வாசிக்கப்படும் என்று எதிர்பார்த்தார். எவரும் சோம்பி இருக்கவில்லை. எவரும் வஞ்சனை செய்யவுமில்லை. எல்லோரும் நல்லவர்கள். ஆயினும் முந்திரிக்காட்டுக்கு அப்பால் இருந்த ஒரு குடியிருப்புக்கு அச்செய்தி போகவே இல்லை.

மாத இறுதியில், கணவனை இழந்த ஒரு தாய், மகளின் மதிப்பெண் பட்டியலையும் சான்றிதழ்களையும் ஒரு மஞ்சள் பையில் சுருட்டிவைத்துக்கொண்டு வந்து நின்றார். பட்டியல் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. நான் நிலைமையை விளக்கினேன். அவர் சினந்து பேசவில்லை. “ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் நடந்தாவது வந்திருப்பேனே, ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை மடித்துக் கொண்டார். அப்பெண் அவ்வாண்டு கல்லூரியில் சேரவில்லை. திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டாள் என்று பின்னர் அறிந்தோம்.

எங்கள் குறிப்பேட்டைப் பார்த்தால் குற்றம் காணமுடியாது. தேதி இருந்தது, தீர்மானம் இருந்தது, ஒப்பமும் இருந்தது. சொன்ன சொல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் ஓர் ஆள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவன் நானே.

அரசனின் வாய்ச்சொல் நடந்த வழி

இராசேந்திரனின் பெயரோடு தொடர்புடைய செப்பேட்டுத் தொகுதிகளில் ஆனைமங்கலச் செப்பேடுகள் புகழ்பெற்றவை. ஹாலந்து நாட்டின் லைடன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் காக்கப்பட்டு வந்தமையால் அவற்றை லைடன் பட்டயங்கள் என்றும் அழைப்பர். ஒரு வளையத்தில் கோத்த 21 ஏடுகள் அவை. கடல் கடந்த கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த புத்த விகாரத்திற்கு, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை முதலாம் இராசராசன் அளித்த செய்தியை அவை கூறுகின்றன. சிவநெறியில் நின்ற மன்னன் புத்த விகாரத்திற்குக் கொடுத்த கொடை அது. அக்கொடையை அவன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், வாய்மொழியாகவே அறிவித்தான்.

அந்த வாய்மொழி எவ்வாறு நடைக்கு வந்தது என்பதே நமக்கு வேண்டிய பாடம். அரசன் சொன்னதைக் கேட்டு அறிவிப்பதற்கென்றே ஓர் அலுவலன் இருந்தான். அவ்வலுவலுக்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். கேட்டதை ஓலையில் எழுதுபவன் வேறொருவன். அவ்வாறு எழுதியது சரியா என்று ஒப்புநோக்குபவர்கள் திருமந்திர ஓலைநாயகங்கள் என்னும் மேலலுவலர்கள். அதன்பின் அவ்வோலை புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறைக்குச் செல்லும். அங்கே வரிப்பொத்தகம் என்னும் பதிவேட்டில் அது ஏறும். ஏற்றியவர் யார், உடனிருந்தவர் யார் என்று பெயர் பெயராகக் குறிக்கப்படும்.

இவ்வளவும் தலைநகரில் நடப்பவை. இனி ஊருக்குச் செய்தி போகவேண்டும். அரசனின் திருமுகம் அப்பகுதி நாட்டாரிடம் போய்ச் சேரும். அவர்கள் எதிர்கொண்டு சென்று, வணங்கி வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்வர். வாங்கிவைத்ததோடு அவர்கள் கடமை முடிந்துவிடாது. ஒரு பெண் யானையை முன்னே நடத்தி, அந்த ஊரின் எல்லை முழுவதையும் சுற்றிவருவர். எல்லை தோறும் கல்லும் கள்ளியும் நடுவர். பின்னர், இன்ன எல்லைக்குட்பட்ட நிலத்தை இவ்வாறு அளந்து விட்டோம் என்று அவர்களே ஓர் ஓலை எழுதி, ஒப்பமிட்டு, மேலிடத்துக்குத் திருப்பி அனுப்புவர்.

இந்தக் கடைசிச் செயலைக் கவனியுங்கள். மேலிருந்து ஓலை வந்தது போலவே, கீழிருந்து மேலே ஓர் ஓலை போகிறது. ஆணையைப் பெற்றோம் என்று மட்டும் அதில் இல்லை. ஆணையை நாங்கள் இவ்வாறு புரிந்துகொண்டோம், இவ்வாறு செய்து முடித்தோம் என்ற விவரமும் இருக்கிறது. அவ்வோலை வந்த பிறகே அரசனின் சொல் போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. இவ்வளவும் முடிய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இராசராசன் மறைந்தபின், அவன் மகன் இராசேந்திரன் அக்கொடையை நிலையான சாசனமாக்கினான். தந்தையின் வாய்ச்சொல்லை மகன் காப்பாற்ற முடிந்ததற்குக் காரணம், அச்சொல் ஒருவருடைய நினைவில் மட்டும் தங்கியிராமல் பலருடைய கையெழுத்தில் தங்கியிருந்ததே.

நம் சங்கங்களில் நடப்பதென்ன? பழைய பொருளாளர் வெளியூர் போய்விட்டால் கணக்கும் அவரோடு போய்விடுகிறது. தலைவர் மாறினால், முந்தைய தலைவர் ஒரு குடும்பத்திற்குக் கொடுத்த வாக்கு காற்றில் கரைந்துவிடுகிறது. “அவர் சொன்னார், அவரிடம் போய்க் கேளுங்கள்” என்ற மறுமொழியைக் கேட்டுத் திரும்பிய ஏழைகள் எத்தனை பேர்!

ஐந்து விரல் விரித்த கை

ஓலை ஊர் போய்ச் சேர்ந்தாலும், அது யாரோ நால்வருக்குள் அடங்கிவிட்டால் பயனில்லை. அவைநடுவே வாசிக்கப்பட வேண்டும். இதற்குச் சான்று வேண்டுமானால், கங்கைகொண்ட சோழபுரம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்னே செல்லவேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறையை அவை விரிவாக உரைக்கின்றன.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். சிறியோர் முதியோர் உட்பட மகாசபை முழுதும் கூடியிருக்க, அர்ச்சகருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் நடுவர், ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைக்க இடமில்லை. அவர் அப்பெயரை உரக்க வாசிப்பார். அவர் வாசித்தது போதாது. மண்டபத்தில் அமர்ந்திருக்கும் அர்ச்சகர் அனைவரும் அதே ஓலையை வாங்கி மீண்டும் வாசிக்கவேண்டும். அதன்பிறகே அப்பெயர் எழுதப்படும்.

ஒருவர் வாசித்ததை அனைவரும் திருப்பி வாசிப்பது எதற்கு? கண் தவறலாம்; நா தவறலாம்; மனமும் தவறலாம். பலர் வாயில் ஒரே பெயர் ஒலித்தபின் ஐயத்திற்கு இடமில்லை. இன்னொரு விதியும் அக்கல்வெட்டில் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது; அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் இடலாகாது. ஏரியையும் தோட்டத்தையும் பொன்னையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, கணக்கை வாய்திறந்து சொல்லும் கடமையோடு பிணைக்கப்பட்டிருந்தது.

அச்சபையில் எல்லா மக்களுக்கும் இடமிருந்ததென்று சொல்லிவிட முடியாது. அது பிராமணர் ஊர். வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் உடைய ஆடவர்க்கே குடத்தில் பெயர். பெண்களின் பெயரும் உழைப்பாளிகளின் பெயரும் அதில் விழவில்லை. அக்குறையை நீக்கியது நம் காலம். இன்று தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடவேண்டும். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்றிருந்த நான்கு நாள்களோடு மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022இல் சேர்ந்தன. வாக்காளர் எவரும் அங்கே எழுந்து கேள்வி கேட்கலாம். சங்கங்களுக்கும், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சட்டம் கதவைத் திறந்து வைத்துவிட்டது. உள்ளே வந்தவர் வாய் திறக்கும்படி நாம் நடத்துகிறோமா என்பதே கேள்வி.

ஒரு “சரி”யால் வந்த கேடு

திருப்பிச் சொல்லும் வழக்கம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச்சு 27 அன்று, ஸ்பெயினுக்குரிய தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனி கவிந்திருந்தது. இரண்டு பெரிய ஜம்போ விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. டச்சு விமானத்தினர் தாங்கள் புறப்படுவதாகத் தெரிவித்தபோது, கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து “சரி” என்று முதலில் மறுமொழி வந்தது. காத்திருக்குமாறு அவர் தொடர்ந்து சொன்னது, அதே நொடியில் மற்ற விமானமும் வானொலியில் பேசியதால் தெளிவாகக் கேட்கவில்லை. முன்னே செல்லும் விமானம் பாதையைவிட்டு விலகவில்லையோ என்று டச்சு விமானத்தின் பொறியாளர் ஐயத்தோடு கேட்டார். அனுபவம் மிக்க தலைமை விமானி, விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதற்குமேல் அவரை எவரும் தடுக்கவில்லை. இரு விமானங்களும் மோதி 583 பேர் மாண்டனர்.

அதன்பின் விமானத் துறையினர் தங்கள் பேச்சு முறையையே திருத்தினர். முக்கியமான கட்டளைக்குச் “சரி” என்று மறுமொழி சொல்வது போதாது. கேட்டதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லவேண்டும். கீழ்நிலையில் உள்ளவர் ஐயம் எழுப்பினால் மேல்நிலையில் உள்ளவர் நின்று கேட்கவேண்டும் என்பதும் அவர்களுடைய பயிற்சியில் இடம்பெற்றது.

நம் கூட்டங்களில் எத்தனை “சரி”கள்! தலைவர் பேசி முடித்ததும் எல்லோரும் தலையசைக்கிறோம். ஒருவர் நிதி கிடைத்துவிட்டது என்று புரிந்துகொள்கிறார். மற்றொருவர் நிதி கிடைக்கும் என்று புரிந்துகொள்கிறார். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞனுக்கு ஓர் ஐயம் எழுகிறது; பெரியவர்கள் இருக்கும் இடத்தில் நாம் எப்படிக் கேட்பது என்று அடக்கிக்கொள்கிறான். மரியாதை நம் பண்பாட்டின் அணிகலன், ஐயமில்லை. ஆனால் உண்மையைச் சொல்லத் தடையாகும் மரியாதை, மதிக்கப்படுபவரையே பள்ளத்தில் தள்ளிவிடும்.

ஏலாக்குறிச்சி முனிவரின் சிரிப்பு

பள்ளம் என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. அதைச் சொன்னவரும் நம் அரியலூர் மண்ணோடு பிணைந்தவரே. இத்தாலியில் 1680இல் பிறந்து, தமிழகம் வந்து, ஏலாக்குறிச்சியில் பணியாற்றித் தமிழுக்குத் தொண்டு செய்த வீரமாமுனிவரை அறியாத குடும்பம் நம்மிடையே இராது. அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் ஒரு நிகழ்ச்சி வருகிறது.

குரு குதிரைமேல் போகும்போது தலைப்பாகை கீழே விழுந்துவிடுகிறது. சீடர்கள் அதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவில்லையே என்கிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு கடிந்துகொள்கிறார். சிறிது தூரம் போனதும் குதிரை சாணமிடுகிறது. சீடர்கள் அதையும் பயபக்தியோடு எடுத்துவைக்கிறார்கள். குரு தலையில் அடித்துக்கொண்டு, எவையெவை விழுந்தால் எடுக்கவேண்டும் என்று ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பின்னர் ஒரு பள்ளத்தில் குருவே விழுந்துவிடுகிறார். சீடர்கள் ஓலையைப் பிரித்துப் படித்து, அதில் கண்ட உடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத குருவைப் பள்ளத்திலேயே விட்டுவிடுகிறார்கள்! என்னையும் எடுக்கவேண்டும் என்று குரு எழுதிக் கொடுத்த பிறகே அவருக்கு விமோசனம் கிடைக்கிறது.

சிரித்து முடித்தபின் எண்ணிப் பார்ப்போம். எழுத்தில் இருந்தால் போதும் என்று சற்றுமுன் சோழரைப் பார்த்துச் சொன்னோம் அல்லவா? எழுத்து மட்டும் போதாது என்கிறார் வீரமாமுனிவர். செயலின் நோக்கம் இன்னதென்று அறியாதவனிடம் எவ்வளவு நீண்ட பட்டியலைக் கொடுத்தாலும், பட்டியலில் இல்லாத ஒன்று நேரும்போது அவன் திகைத்து நிற்பான். வெள்ள நிவாரணப் பொருள் கொடுக்கும் தொண்டரிடம், அட்டை உள்ளவர்க்கே கொடு என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அட்டையை வெள்ளத்தில் பறிகொடுத்த கிழவி வெறுங்கையோடு திரும்புவாள். பசித்திருப்பவர் எவரும் விடுபடலாகாது, அதற்காகவே இந்த அட்டை என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினால், அத்தொண்டர் அவளை உட்காரவைத்து நம்மிடம் ஆள் அனுப்புவார்.

அம்முனிவர் செய்த இன்னொரு தொண்டும் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. அக்காலத்து ஓலைகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடு தெரியாதபடி எழுதப்பட்டன. குறிலா நெடிலா என்று படிப்பவனே ஊகித்துக்கொள்ள வேண்டும். அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் எழுத்து முறையை வகுத்தவர் வீரமாமுனிவர். எழுதுபவன் சற்று முயன்றால் படிப்பவன் ஊகிக்க வேண்டியதில்லை என்பதே அச்சீர்திருத்தத்தின் உட்பொருள். நம் சுற்றறிக்கைகளில் “விரைவில்”, “உரியவர்கள்”, “ஆவன செய்யப்படும்” என்றெல்லாம் எழுதிப் படிப்பவரை ஊகிக்க விடுகிறோம். எந்த நாள்? எவர்? என்ன செய்யப்படும்? இவற்றை எழுத நமக்கு இரண்டு வரி அதிகமாகலாம். பேருந்துக் கட்டணம் கொடுத்து வருபவர்க்கு ஒரு நாள் கூலி மிச்சமாகும்.

ஊதியமில்லா ஊழியத்தின் சிக்கல்

தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் ஆணையிட ஒருவர், பணிய ஒருவர் உண்டு. சமூகத் தொண்டு நிறுவனங்கள் அப்படியல்ல. பங்குப் பேரவை, மகளிர் குழு, இளைஞர் மன்றம், கூட்டுறவுச் சங்கம், முதியோர் இல்லம் ஆகியவற்றில் பெரும்பாலோர் தாமாக மனமுவந்து வந்தவர்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த இயலாது. அவர்களைப் பிணைத்திருக்கும் கயிறு நம்பிக்கை ஒன்றே. ஒரு செய்தி ஒளிக்கப்பட்டது என்று தோன்றினாலே அக்கயிறு தளர்ந்துவிடும். சண்டையிட்டுப் பிரிபவர் சிலர். என்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று வாய் பேசாமல் விலகிப் போகிறவர்களே பலர்.

இவர்களோடு சம்பளம் பெறும் ஊழியர் சிலரும் இருப்பர். விடுதிச் சமையற்காரர், காவலாளி, அலுவலகத்துக் கணக்கர் போன்றோர். பிள்ளைகள் உண்ணாமல் விடும் உணவு எது, இரவில் அழும் குழந்தை எது, கூரை ஒழுகும் மூலை எது என்பதை நிர்வாகக் குழுவினரைவிட அவர்களே நன்கு அறிவர். ஆயினும் அவர்களை அழைத்து நாம் கருத்துக் கேட்பது அரிது. தொண்டுதானே என்ற பெயரால் அவர்களின் குறையைக் கேளாதிருப்பதும் நம்மிடையே உள்ள குற்றமே.

இப்பொழுது கைப்பேசி வந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோம் என்கிறோம். அது பெரும் வசதிதான். ஆனால் இரண்டு நீலக் குறிகள், செய்தியைத் திறந்தார் என்பதற்கே அடையாளம்; புரிந்துகொண்டார் என்பதற்கு அல்ல. கைப்பேசி இல்லாத தாயும், இருந்தும் படிக்கத் தெரியாத தந்தையும் அக்குழுவில் இல்லை. நம் உதவி யாருக்கு மிகத் தேவையோ, அவரே பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கிறார். 1833இல் பாரிசு நகரில் ஒசானாமும் அவர்தம் மாணவ நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, ஏழைகளை நம்மிடம் வரவழைக்காமல் நாமே அவர்கள் இல்லம் சென்று காணவேண்டும் என்பதை அடிப்படைப் பணியாகக் கொண்டது. செய்தி சொல்வதற்கும் கேட்பதற்கும் அதனினும் சிறந்த வழியை இன்றளவும் எவரும் கண்டுபிடிக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

அன்பு வாசகர்களே, இவற்றுக்குப் பொருட்செலவு தேவையில்லை. சில பழக்கங்களே போதும்.

முதலாவதாக, கூட்டத்திற்குரிய பொருள்களை முன்கூட்டியே தெரிவிப்போம். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று அறியாமல் வருபவர், தலையசைக்க மட்டுமே வருகிறார்.

இரண்டாவதாக, ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் மூன்று செய்திகளை எழுதுவோம். செய்பவர் யார், எந்த நாளுக்குள், யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பவை அவை. “குழு செய்யும்” என்று எழுதினால் ஒருவரும் செய்யமாட்டார் என்றே பொருள். ஒரு பெயர் வேண்டும்.

மூன்றாவதாக, கலைவதற்கு முன் தீர்மானங்களை உரக்க வாசிப்போம். பொறுப்பேற்றவர் தம் பொறுப்பைத் தம் வாயால் திருப்பிச் சொல்லட்டும். முதல் முறை சற்று வேடிக்கையாக இருக்கும். இரண்டாம் முறை எத்தனை பிழைகள் அங்கேயே திருந்துகின்றன என்பது தெரியும்.

நான்காவதாக, காரணத்தைச் சொல்வோம். நேரமில்லை என்று அதை விடுவதால்தான் பின்னர் வீண் நேரம் செலவாகிறது.

ஐந்தாவதாக, இளையவரையும் ஊழியரையும் முதலில் பேசவிட்டுத் தலைவர் கடைசியில் பேசட்டும். தலைவர் முதலிலேயே தம் முடிவைச் சொல்லிவிட்டால் அதற்குப்பின் வருபவை வெறும் எதிரொலிகளே.

ஆறாவதாக, வரவு செலவைக் கொடுத்தவர்க்கு மட்டும் அனுப்பாமல், பெறுகிறவரும் காணும்படி பலகையில் ஒட்டுவோம். படிக்க இயலாதவர்க்கு வாசித்துக் காட்டுவோம். ஏழைக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

ஏழாவதாக, மனத்தாங்கல் இருந்தால் உரியவரிடமே போய்ச் சொல்வோம். வாயிற்படியிலும் தேநீர்க் கடையிலும் பேசப்படும் குறை, சங்கத்தை அரிக்கும் கறையான்.

மீண்டும் அந்த மஞ்சள் பை

அத்தாய் திரும்பிச் சென்ற மாதத்திலேயே எங்கள் சங்கம் கூடியது. நடந்ததை நான் மறைக்காமல் சொன்னேன். பிழை ஒருவருடையதா பலருடையதா என்ற வழக்கில் இறங்காமல், ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். எந்தத் தீர்மானமானாலும், பாதிக்கப்படும் குடும்பங்களின் பட்டியல் ஒன்றை எடுத்து, நேரில் சென்று சொன்னபின் அந்த வீட்டார் முன்னிலையிலேயே பெயருக்கு எதிரே குறியிடவேண்டும். குறிகள் நிறைந்த தாள் செயலரிடம் திரும்பி வரவேண்டும். அது வரும்வரை தீர்மானம் நடைமுறைக்கு வராது. நாட்டார் அனுப்பிய மறு ஓலையை நான் அப்பொழுது அறிந்திருக்கவில்லை. பின்னர் படித்தபோது, பத்து நூற்றாண்டுகளுக்கு முன் இம்மண்ணில் இருந்த ஒன்றையே நாங்கள் தட்டுத்தடுமாறிக் கண்டோம் என்று வெட்கமும் மகிழ்ச்சியும் ஒருங்கே எய்தினேன்.

அப்பெண்ணுக்கு அவ்வாண்டை நாங்கள் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவ்வளவே எங்களால் முடிந்தது. அடுத்த ஆண்டு முதற்குறி அக்குடியிருப்பில் இடப்பட்டது. அவளுடைய தம்பியின் விண்ணப்பம் நாள் தவறாமல் வந்து சேர்ந்தது.

அடுத்த முறை உங்கள் சங்கக் கூட்டம் முடியும் வேளையில், நாற்காலியைவிட்டு எழுவதற்குமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள். இங்கே நாம் பேசியது, இங்கே இல்லாத யாருக்குத் தெரியவேண்டும்? அதைச் சொல்ல யார் போகிறார்? போய்ச் சொல்லிவிட்டு யார் நம்மிடம் வந்து சொல்வார்? இம்மூன்றுக்கும் விடை கிடைத்தபின் விளக்கை அணையுங்கள். எங்கோ ஒரு காட்டுக்கு அப்பால், சான்றிதழ்களைச் சுருட்டிவைத்துக்கொண்டு ஒரு குடும்பம் காத்திருக்கிறது.